ஃபியூக்காய்டனும் முழங்கால் வலியும்: பழுப்புப் பாசிப் பொடி எங்கே தடுக்கியது?

2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 12 பேர் ஃபியூக்காய்டன் என்ற கூட்டுச் சர்க்கரை நிறைந்த பழுப்புக் கடற்பாசிச் சாற்றை 12 வாரம் சாப்பிட்டார்கள். வலி, விறைப்பு, நடமாடுவதில் சிரமம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் மதிப்பெண், நாளுக்கு 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 18 சதவீதம் குறைந்தது. 1000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 52 சதவீதம் குறைந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 122 பேரைச் சேர்த்து, யாருக்கு எது போகிறது என்று தெரியாதபடி பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் பாசிச் சாறும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 96 பேர் 12 வாரத்தையும் முடித்தார்கள். இரு பிரிவுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பொடியால் கெடுதலும் இல்லை.

கடற்பாசியில் அழற்சியைத் தணிக்கும் பொருள் இருக்கிறது என்று சொல்லும் ஆய்வகக் கட்டுரைகள் ஏராளம். மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்தவை சொற்பம். அதனால் இந்த ஒரு வழக்கை நுனி முதல் அடி வரை பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. மன்னார் வளைகுடாவின் பழுப்புப் பாசிகளான கட்டக்கோரையையும் பக்கோடா பாசியையும் வைத்து இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

பொருள்: ஒரு மூலக்கூறு அல்ல, ஒரு குடும்பம்

ஃபியூக்காய்டன் பழுப்புப் பாசிகளின் செல் சுவரில் உள்ள பிசுபிசுப்பான கூட்டுச் சர்க்கரை. 1913-இல் சுவீடனின் ஹரால்ட் கைலின் இதை முதலில் பிரித்தெடுத்தார். ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை நீளச் சங்கிலியாகக் கோத்திருக்கும்; அதன்மேல் சல்ஃபேட் தொகுதிகள் ஒட்டியிருக்கும். ஆஸ்திரேலிய ஆய்வில் பெரும்பங்கு வகித்த ஃபியூகஸ் வெசிகுலோசஸ் என்ற குளிர்கடல் பாசியில் இந்தச் சங்கிலி ஓரளவு சீரானது. சர்காசம் இனத்தில் (நம் கட்டக்கோரை) ஃபியூக்கோஸோடு கேலக்டோஸும் கணிசமாகக் கலந்திருக்கும்; கிளைகளும் அதிகம். அறுத்த மாதம், செடி இனப்பெருக்க நிலையில் இருந்ததா, எடுத்த முறை என ஒவ்வொன்றும் சல்ஃபேட் அளவையும் சங்கிலி நீளத்தையும் மாற்றும். ஆகவே 'ஃபியூக்காய்டன் வேலை செய்கிறது' என்ற வாக்கியத்துக்கும் 'ஃபியூக்காய்டன் வேலை செய்யவில்லை' என்ற வாக்கியத்துக்கும், எந்தப் பொடி என்று சொல்லாதவரை பொருள் கிடையாது.

இது அழற்சியைத் தணிக்கும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் உண்டு. அழற்சி தொடங்கியதும் ரத்தக்குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற ஒட்டும் புரதங்கள் தலைகாட்டும். ஓடும் ரத்தத்தில் போகும் வெள்ளணுக்கள் அவற்றில் ஒட்டி, வேகம் குறைந்து, சுவரோடு உருண்டு, பிறகு திசுவுக்குள் நுழையும். ஃபியூக்காய்டனின் சல்ஃபேட் ஏறிய ஃபியூக்கோஸ், வெள்ளணுவின் மேலுள்ள இயற்கையான ஒட்டுச் சர்க்கரையைப் போல் நடித்து, எல்-செலக்டினையும் பி-செலக்டினையும் அடைத்துக்கொள்ளும். அந்த உருளல் நிற்கும். 1990-களின் தொடக்கத்திலிருந்தே செலக்டின் ஆய்வாளர்கள் இதை ஒரு கருவியாகவே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 2007-இல் ஒன்பது பழுப்புப் பாசிகளின் ஃபியூக்காய்டன்களை ஒரே ஆய்வில் ஒப்பிட்டபோது, எலியின் அழற்சி மாதிரியில் எல்லாமே வெள்ளணு வரத்தைக் குறைத்தன. அவற்றில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தின. ஒகினாவா மொசுகுப் பாசியின் ஃபியூக்காய்டன் மட்டும் விலக்கு.

இந்த விளக்கம் நடப்பது ரத்தக்குழாய்க்குள். பொருள் ரத்தத்துக்குள் போதுமான அளவு சேர்ந்தால்தான் இது பொருந்தும். மாத்திரை விழுங்கியவருக்கு அது நடந்ததா என்பதே இந்த வழக்கின் மையக் கேள்வி.

பாசியிலிருந்து பொடி வரை

பிரித்தெடுப்பில் செய்யும் சிறு மாற்றம், முடிவில் வேறு பொருளையே தந்துவிடும். சிறிய ஆய்வகத்தில் 100 கிராம் உலர்பாசியை வைத்துச் செய்யும் வழி இது.

அறுத்த பாசியைக் கடல்நீரிலேயே அலசி மணல், சிப்பித் துண்டு, ஒட்டுப்பாசி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் விரைவாக ஒரு தடவை. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் கரையும் சர்க்கரைகள் அங்கேயே போய்விடும். நிழலில் காயவைத்து, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக அரைக்கலாம். மணலில் பரப்பிக் காயவைத்த பாசி, ஆல்ஜினேட் என்ற பாசிப் பசைப்பொருளை எடுக்கும் ஆலைக்குப் போதும். இந்த வேலைக்கு ஆகாது.

முதலில் 85 சதவீத எத்தனாலில், பொடிக்குப் பத்து மடங்கு அளவு ஊற்றி, இரவு முழுக்கக் கலக்கிவிட வேண்டும். வடிநீர் நிறமற்று வரும்வரை திரும்பத் திரும்ப. பச்சையம், ஃபியூக்கோசாந்தின் நிறமி, கொழுப்பு, மேனிடால், உப்பு, ஃபுளோரோடானின் எனப்படும் பாசித் துவர்ப்புப் பொருள்களில் ஒரு பங்கு ஆகியவை இதில் கழியும். அவசரத்தில் இந்தக் கட்டத்தைச் சுருக்குவதுதான் பிற்பாடு வரும் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

காய்ந்த சக்கையை 2 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில், இருபது மடங்கு அளவில், 70 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். இரண்டு தடவை. கால்சியம் ஆல்ஜினேட்டைக் கரையாத கட்டியாக்கிச் சக்கையிலேயே நிறுத்திவிடும். கால்சியத்துக்குப் பதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பயன்படுகிறது, வரவு கூடும். ஆனால் வெப்பமும் அமிலமும் நேரமும் கூடக்கூடச் சங்கிலி அறுபடும், சல்ஃபேட் கழன்றுவிடும். வரவைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பவர், செலக்டினை அடைக்கும் பகுதியையே சமைத்துத் தீர்த்துவிடக்கூடும்.

வடித்த சாறு ஒரு லிட்டர் என்றால் 95 சதவீத எத்தனால் ஏறத்தாழ 460 மில்லி சேர்க்க, கலவை 30 சதவீதத்துக்கு வரும். தப்பி வந்த ஆல்ஜினேட் இங்கே படியும். அதைச் சுழற்றிப் பிரித்து எறிந்துவிட்டு, மேலும் 2.3 லிட்டர் எத்தனால் ஊற்றினால் 70 சதவீதம். வெள்ளை நூல்போல் படிவதுதான் கச்சா ஃபியூக்காய்டன். அதை நீரில் கரைத்து, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 12 முதல் 14 கிலோடால்டன் சவ்வில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து, உறையவைத்து உலர்த்த வேண்டும். 100 கிராமில் 5 கிராம் நின்றால் நல்ல வரவு.

டயாலிசிஸை ஒரு நாளில் முடித்துக்கொள்வது பரவலான பழக்கம். அதன் விலை இரண்டு வகை. சங்கிலியில் ஒட்டாத, சும்மா கிடக்கும் சல்ஃபேட் உள்ளேயே தங்கி, பேரியம் குளோரைடு சோதனையில் சல்ஃபேட் அளவை உயர்த்திக் காட்டும். இன்னொன்று இதைவிட முக்கியம்: ஆர்செனிக். சர்காசம் இனப் பாசிகள் கனிம ஆர்செனிக்கைச் சேர்த்து வைப்பவை. சர்காசம் ஃபியூசிஃபார்மே எனப்படும் ஹிஜிக்கியை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தரக் கழகம் 2004-இல் எச்சரித்தது இதனால்தான். வெந்நீரில் இந்த ஆர்செனிக் பாசியை விட்டு வெளியேறி நீருக்குப் போகும். நமக்கு வேண்டிய சாறும் அந்த நீர்தான். முறையான டயாலிசிஸ் சிறிய அயனிகளை வெளியேற்றும். கஷாயத்தை அப்படியே வற்றவைத்துப் பொடியாக்கினால் ஆர்செனிக்கும் அயோடினும் செறிந்து மாத்திரைக்குள் போகும்.

ஆய்வகத் தட்டில் ஏமாற்றும் முடிவுகள்

வழக்கமான சோதனை எளியது. எலியின் மேக்ரோபேஜ் என்ற நோய்த்தடுப்புச் செல்களைத் தட்டில் வளர்த்து, பாசிச் சாற்றைச் சேர்த்து, பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சால் தூண்டி, 24 மணி நேரம் கழித்து அழற்சியின் அடையாளங்களான நைட்ரிக் ஆக்சைடையும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற புரதத்தையும் அளப்பார்கள். குறைந்தால் 'அழற்சி எதிர்ப்பு' என்று எழுதுவார்கள். இந்த வாக்கியம் பொய்யாகும் வழிகள் பல.

செல் செத்தாலும் நைட்ரிக் ஆக்சைடு குறையும். அதனால்தான் உயிரோடு இருக்கிறதா என்று, உயிருள்ள செல் நிறம் மாற்றும் சாயத்தை வைத்து எம்.டி.டி. சோதனை செய்கிறார்கள். பாசித் துவர்ப்புப் பொருள் எம்.டி.டி. சாயத்தைச் செல்லின் உதவியே இல்லாமல் நிறம் மாற்றும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகத் தெரியும். எத்தனால் கழுவலைச் சுருக்கியவர் மாட்டிக்கொள்வது இங்கே. செல் இல்லாத குழியிலும் சாற்றையும் சாயத்தையும் ஊற்றிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாத கட்டுரையை நம்புவதற்கில்லை.

எண்டோடாக்சின் மாசு இன்னும் நுட்பமானது. கடற்பாசியின் மேல்தோல் முழுக்க பாக்டீரியா. அவற்றின் எண்டோடாக்சின் நீரில் பெரிய திரளைகளாகச் சேர்வதால் டயாலிசிஸ் சவ்வைத் தாண்டாது. சுத்திகரிக்கச் சுத்திகரிக்க அது பொடியோடு செறியும். பொடியில் மில்லிகிராமுக்கு 10 எண்டோடாக்சின் அலகு இருந்து, தட்டில் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் பொடி போட்டால், மில்லிக்கு ஓர் அலகு சேரும், ஏறத்தாழ 0.1 நானோகிராம். மனித மோனோசைட்டுகள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) விழித்துக்கொள்ள அது போதும். ஒரு நாள் முன்பே சாற்றைக் கொடுத்துப் பிறகு தூண்டும் ஆய்வுகளில் இது விபரீதமாகத் திரும்பும். எண்டோடாக்சினை ஒருமுறை கண்ட மேக்ரோபேஜ், மறுநாள் அதே தூண்டலுக்குச் சோம்பலாகவே பதில் சொல்லும். டி.என்.எஃப். ஆல்ஃபா அழகாகக் குறையும். அந்தப் புகழ் முழுவதும் பாசிக்குப் போகும். வேலை செய்தது அழுக்கு.

மாசை அளப்பதும் சுலபமல்ல. குதிரைலாட நண்டின் ரத்தத்தைக் கொண்டு செய்யும் சோதனையைப் பழுப்புப் பாசியின் லாமினாரின் போன்ற பீட்டா குளுக்கான்கள் தவறாகத் தூண்டலாம். சல்ஃபேட் சர்க்கரைகள் அதை அடக்கவும் செய்யலாம். அந்த நண்டின் ஒரு புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கிச் செய்யும் மறுசேர்க்கை ஃபேக்டர் சி முறையைப் பயன்படுத்தி, தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து அது 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி-யைச் சேர்த்து 'மாசு இல்லை' என்று காட்டுவது இங்கே ஓட்டை வாதம்: பாலிமிக்சின் நேர்மின்னேற்றம் உடையது, ஃபியூக்காய்டன் எதிர்மின்னேற்றம், இரண்டும் தம்மில் ஒட்டிக்கொள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் அடிப்படைச் சிக்கல் மிஞ்சும். ஃபியூக்காய்டன் மேக்ரோபேஜின் ஸ்கேவஞ்சர் ஏற்பிகளில் தானே ஒட்டி, எந்த மாசும் இன்றி டி.என்.எஃப். ஆல்ஃபாவை வரவழைக்கக் கூடியது. ஒரே பொருள், ஒரே செல், எதிரெதிர் முடிவுகள் என்று கட்டுரைகள் முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, அசையாத தட்டில் ரத்த ஓட்டமும் இல்லை, செலக்டின் உள்ள சுவரும் இல்லை. எந்த விளக்கத்தை நம்பி ஃபியூக்காய்டனை எடுத்தோமோ, அதை இந்தத் தட்டு சோதிப்பதே இல்லை.

எலியின் பாதத்தில் வீக்கம்

அடுத்த படி விலங்கு. 1962-இல் விண்டர், ரிஸ்லி, நஸ் மூவரும் வகுத்த முறை இன்றும் ஓடுகிறது: எலியின் பின்னங்கால் பாதத்தில் 1 சதவீதக் கராஜீனன் கரைசலை ஊசியால் செலுத்தி, மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும் வீக்கத்தைக் கன அளவில் அளப்பது. கராஜீனனும் கடற்பாசிப் பொருள்தான், சிவப்புப் பாசியிலிருந்து வருவது, ஃபியூக்காய்டனைப் போலவே சல்ஃபேட் ஏறியது. ஒரு பாசிச் சர்க்கரை கிளப்பிய அழற்சியை இன்னொரு பாசிச் சர்க்கரையால் அடக்கிப் பார்க்கிறார்கள். 'கடற்பாசி அழற்சியைத் தணிக்கும்' என்று பொதுப்படப் பேசுவோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு: மருந்து எந்த வழியாகப் போனது, எவ்வளவு போனது. வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தி வீக்கம் குறைந்தது என்றால், மாத்திரைக்கு அது சாட்சி ஆகாது. அளவைப் பொறுத்தவரை, எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் கொடுத்தால், உடற்பரப்பு விகிதப்படி 6-ஆல் பெருக்கி 37-ஆல் வகுக்க மனிதருக்கு 16.2 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 970 மில்லிகிராம். 2016 ஆய்வில் கொடுத்த 300 மில்லிகிராம் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ரத்தத்தில் எவ்வளவு?

2005-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. தன்னார்வலர்கள் 12 நாள், நாளுக்கு 3 கிராம் உண்டாரியா என்ற பழுப்புப் பாசியின் பொருளைச் சாப்பிட்டார்கள். ஒரு பிரிவின் பொடியில் ஃபியூக்காய்டன் 10 சதவீதம், மற்றதில் 75 சதவீதம். பிளாஸ்மாவில் கண்ட இடைநிலை அளவு முறையே லிட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம், 13 மில்லிகிராம். பொடியில் ஏழரை மடங்கு கூட்டியும் ரத்தத்தில் மூன்று மடங்குதான் கூடியது. பின்னர் ஜப்பானில் மொசுகு ஃபியூக்காய்டனை வேறு எதிர்ப்பொருள் கொண்டு அளந்தபோது கிடைத்தது இன்னும் நூறு மடங்கு கீழே, மில்லிக்கு நானோகிராம் கணக்கில். இரு ஆய்வின் எதிர்ப்பொருள்களும் பாசிகளும் வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் தாராளமான எண்ணையே எடுத்துக்கொண்டாலும், தினமும் 2 கிராமுக்கு மேல் ஃபியூக்காய்டன் உண்டவரின் ரத்தத்தில் மில்லிக்கு 13 மைக்ரோகிராம். ஆய்வகத் தட்டுகளில் சாதாரணமாகப் போடுவது 50 முதல் 200 மைக்ரோகிராம். 300 மில்லிகிராம் மாத்திரைக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

குடலிலேயே தங்கி, குடல் பாக்டீரியாக்களையோ குடல்சுவர் நோய்த்தடுப்புச் செல்களையோ தொட்டு மறைமுகமாக வேலை செய்யலாம் என்ற வாதம் உண்டு. நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படியென்றால் செலக்டின் கதையை விட்டுவிட்டு, வேறு அளவீடுகளோடு தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே மாறியவை

2010 ஆய்வில் ஒப்பிட வெற்று மாத்திரைப் பிரிவு இல்லை. தாம் மருந்து சாப்பிடுகிறோம் என்பது பங்கேற்ற எல்லோருக்கும் தெரியும். மூட்டுத் தேய்மானத்தில் வெற்று மாத்திரையே வலியைக் கணிசமாகக் குறைக்கும். 198 சோதனைகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில் அதன் தாக்க அளவு (0 என்றால் பலனே இல்லை) 0.51, மருந்தே கொடுக்காதவர்களிடம் 0.03. மேலும் மூட்டுவலி ஏறி இறங்கும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் ஆய்வில் சேர்வார். மூன்று மாதத்தில் தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும். 12 பேரை 5, 7 என்று பிரித்தால், ஒருவர் இருவரின் நல்ல காலம் சராசரியைத் தூக்கிவிடும். அளவு கூடப் பலன் கூடியதுபோல் தெரிந்ததுதான் இந்த ஆய்வின் கவர்ச்சி. ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே அந்த வித்தியாசத்தை நம்பிக் கட்டடம் எழுப்ப முடியாது.

மாத்திரையும் மாறியது. 2010-இல் கொடுத்தது மூன்று பாசிகளின் கலவை: ஃபியூகஸ் வெசிகுலோசஸ் 85 சதவீதம், மேக்ரோசிஸ்டிஸ் 10, லாமினேரியா ஜப்பானிகா 5, கூடவே வைட்டமின் பி6, துத்தநாகம், மாங்கனீசு. 2016-இல் கொடுத்தது ஃபியூகஸ் வெசிகுலோசஸ் மட்டும், 85 சதவீத ஃபியூக்காய்டன் கொண்டது. அளவு 1000 மில்லிகிராமிலிருந்து 300-க்கு இறங்கியது. இத்தனையும் ஒரே தாவலில் மாறியதால், இரண்டாவது முடிவு முதலாவதை மறுக்கிறது என்றும் சொல்ல முடியாது, உறுதிப்படுத்தவில்லை என்று மட்டுமே சொல்லலாம். 300 மில்லிகிராம் ஃபியூகஸ் ஃபியூக்காய்டன் 12 வாரத்தில் முழங்கால் வலிக்குப் பயன்படவில்லை, இது உறுதி. 1000 மில்லிகிராம் கலவை வெற்று மாத்திரையைவிடப் பயன்படுமா என்ற கேள்வியை இந்த இரண்டில் எந்த ஆய்வும் கேட்கவே இல்லை.

என் கணிப்பில், இரண்டாவது ஆய்வின் தோல்வி நோயாளிகளிடம் சோதித்தபோது நடந்ததல்ல, அதற்கு முன்பே அளவைத் தேர்ந்தபோது நடந்தது. ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அதே பொடியை வைத்து முதலில் அளந்திருந்தால் 300 என்ற எண்ணைத் தேர்ந்திருக்கவே மாட்டார்கள்.

மண்டபம் பக்கம் இதைத் தொடங்கினால்

ராமநாதபுரம் கடலோரத்தில் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பல்லாண்டுகளாக ஆல்ஜினேட்டுக்காக அள்ளப்படுகின்றன. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும், மத்திய உப்பு மற்றும் கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன. மீன்வள நிறுவனம் மூட்டுவலிக்கென்று ஒரு கடற்பாசிச் சாற்றுக் கேப்சூலையே வெளியிட்டிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆகவே மாத்திரைப் பேச்சு இங்கே வரத்தான் செய்யும்.

பாசி வந்த இடமும் மாதமும் மூட்டைக்கு மூட்டை பதிவாக வேண்டும். 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லைக்குள் அள்ளியது என்றால் ஆய்வுக்கே எடுக்கக் கூடாது. பக்கோடா பாசியும் கட்டக்கோரையும் ஒரே சாக்கில் கலந்து வருவது வழக்கம். ஆலைக்கு அது பொருட்டல்ல, மருந்துக்கு அதுவே எல்லாம். ஒவ்வொரு தொகுப்புப் பொடிக்கும் ஃபியூக்கோஸ், சல்ஃபேட், யூரோனிக் அமிலம், துவர்ப்புப் பொருள், சங்கிலி எடை, எண்டோடாக்சின், கனிம ஆர்செனிக், அயோடின் ஆகியவற்றின் அளவு எழுதப்பட்ட தாள் இருக்க வேண்டும். உண்ணும் உலர்பாசிக்குப் பிரான்ஸ் வைத்திருக்கும் கனிம ஆர்செனிக் வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். அயோடினுக்கு ஐரோப்பாவில் பெரியவருக்கான உச்ச வரம்பு நாளுக்கு 600 மைக்ரோகிராம். தைராய்டு கோளாறு உள்ளவர்களையும், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர்களையும் முதல் ஆய்வில் சேர்க்கக் கூடாது.

தட்டுச் சோதனையில் சல்ஃபேட் நீக்கிய அதே பொடியையும், இன்னொரு சல்ஃபேட் சர்க்கரையான ஹெப்பாரினையும் இணையாக ஓட்ட வேண்டும். சல்ஃபேட் போனபின்னும் 'அழற்சி எதிர்ப்பு' அப்படியே நின்றால், வேலை செய்வது ஃபியூக்காய்டன் அல்ல. துவர்ப்புப் பொருளோ மாசோ என்று தேடத் தொடங்கலாம். அது கெட்ட செய்தியும் அல்ல: எக்லோனியா பாசியின் டைக்கால் போன்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலிச் சர்க்கரையைவிடக் குடலைத் தாண்டுவதற்கு வாய்ப்பு அதிகம்.

மனிதரிடம் போகும்போது முதல் 12 பேரை வலி கேட்கச் செலவிட வேண்டாம். அந்த 12 பேருக்கு 500, 1000, 2000 மில்லிகிராம் கொடுத்து, 24 மணி நேரத்துக்கு ரத்தமும் சிறுநீரும் எடுத்து, அதே பாசியின் ஃபியூக்காய்டனுக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருளால் அளந்தால், வலி ஆய்வைத் தொடங்கலாமா, எந்த அளவில், அல்லது விட்டுவிடலாமா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.